எம்.ஏ. போடணும்க்கா

மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட என் கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எது ஈசிக்கா?" அடுத்தது, "எவ்ளோ ஆகும்?" கடைசித் தேதி என்றைக்கு என்பது அதற்கும் பிறகுதான் நினைவுக்கு வரும், பார்த்தால் அன்றைக்கு ராத்திரியோடு முடிகிறதாக இருக்கும். இதைப் படித்தால் பிற்பாடு எந்த வேலைக்கு மனுப் போடலாம், எதற்குப் போட முடியாது என்று கேட்டுக்கொண்டு படியேறுகிறவர் அபூர்வம். அதனால் அதை நானே கேட்டுவிடுவேன். "படிச்சு முடிச்சு என்ன ஆகணும்னு இருக்கே?" பதில் வந்த பிறகுதான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்புவேன். சிலருக்கு எரிச்சல் வரும். போட்டுக் கொடு என்றால் போட்டுக் கொடுக்க வேண்டியதுதானே, இவளுக்கு எதற்கு ஊர் நியாயம் என்று முகத்திலேயே எழுதியிருக்கும். இருக்கட்டும்.

காஞ்சிபுரத்தில் ரங்கசாமி குளத்துப் பக்கம் 2004-இல் நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து இந்த நெட் சென்டரைத் தொடங்கினோம். ஜெராக்ஸ், டைப்பிங், பைண்டிங், லேமினேஷன் எல்லாம் உண்டு. இப்போது பிரவுசிங் என்று யாரும் வருவதில்லை, எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் என்று வந்துவிட்டால் கடையைத் தேடித்தான் வருகிறார்கள். புராஸ்பெக்டஸில் 'கல்வித் தகுதி' என்று ஒரு பத்தி இருக்கும், சின்ன எழுத்தில், பாதி சட்ட மொழியில். அதைப் படிக்க வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை. என் தொழிலே அந்தப் பத்தியைப் படிப்பதுதான். ஜெராக்ஸ் மிஷின் எல்லாக் கடையிலும்தான் இருக்கிறது.

நான் பிள்ளையார்பாளையத்துப் பெண். அப்பா கோர்வைப் புடவை நெய்தவர். கோர்வைக்கு மூன்று நாடா ஓடும், உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று. தறிக்குழியில் உட்கார்ந்தவர் ஒருத்தராலேயே மூன்றையும் ஓட்டிவிட முடியாது; மறுபக்கக் கரைக்கு நாடா வாங்கிப் போட ஓர் ஆள் வேண்டும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்த ஆளுக்குக் கூலி கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் தம்பியும் மாறி மாறி உட்காருவோம். பாவு பூட்டுகிறபோதே உடல் என்ன நிறம், கரை என்ன, முந்தியில் எத்தனை வரிசை சரிகை என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். பாதி நெய்த பிறகு முந்தியை மாற்றிக்கொள்ளலாம் என்று எந்த நெசவாளியும் நினைக்க மாட்டார். அதே நெசவாளி தன் பிள்ளையின் படிப்பு விஷயத்தில், "மொதல்ல ஏதாவது ஒரு டிகிரி முடிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

எங்கள் தெருவில் எம்.ஏ. என்றாலே அண்ணாதான். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, இந்த ஊர் பச்சையப்பன் பள்ளியில் படித்து, வீட்டுக் கஷ்டத்துக்கு நகராட்சி ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்த்து, பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1934-இல் பி.ஏ. ஆனர்ஸ் வாங்கியவர், பொருளாதாரமும் அரசியலும் எடுத்து எம்.ஏ.வும் முடித்தார். அவர் பெயரோடு ஒட்டி வந்த அந்த இரண்டெழுத்து எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. நான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் எம்.ஏ. வரலாறு எழுதியபோது அப்பா அக்கம்பக்கத்தில் போய்ச் சொன்னது, "என் பொண்ணும் அண்ணா படிச்ச படிப்பு படிக்கறா." அண்ணா படித்தது பொருளாதாரம், நான் படித்தது வரலாறு என்று நான் திருத்தவில்லை.

வரலாறு படித்ததால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மேற்படிப்புக்கு இந்த ஊரைத் தேடி ஆள் வருவது புதிதல்ல. கர்நாடகத்தில் தாளகுண்டா என்ற ஊரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மயூரசர்மன் என்ற பிராமண இளைஞர் தன் ஆசிரியர் வீரசர்மனோடு காஞ்சியின் கடிகை என்ற கல்விச்சாலைக்கு மேல்கல்வி கற்க வந்த கதையை அது சொல்கிறது. வந்த இடத்தில் பல்லவர் குதிரைப்படை ஆள் ஒருவரோடு தகராறு. அந்தக் கோபத்தில் படிப்பை விட்டுவிட்டு வாளெடுத்து, கதம்ப அரசையே நிறுவிவிட்டார். டிஸ்கன்டின்யூ செய்தவர்களில் அவ்வளவு உயரம் போன வேறு ஆள் எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பையன்கள் டிஸ்கன்டின்யூ செய்தால் ஒரகடம் கம்பெனிகளுக்குத்தான் போகிறார்கள்.

இப்போதைய நிலவரம் இது. ஊருக்குள் 1947-இல் தொடங்கிய பச்சையப்பன் ஆடவர் கல்லூரியும், பெண்களுக்குத் தனியாக ஒரு பச்சையப்பன் கல்லூரியும் இருக்கின்றன. இரண்டும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. ஏனாத்தூரில் சங்கர மடத்தின் பல்கலைக்கழகம், 1993-இல் நிகர்நிலை அந்தஸ்து பெற்றது. அங்கே எம்.சி.ஏ.வும் உண்டு, சமஸ்கிருதமும் உண்டு. பாலாற்றைத் தாண்டிப் போனால் செய்யாறு அறிஞர் அண்ணா அரசுக் கல்லூரி. அது வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. சேப்பாக்கத்திலும் கிண்டியிலும் இருக்கிற பல்கலைக்கழகத் துறைகளுக்கு விடியற்காலை ரயில் பிடித்துப் போய்வருகிறவர்களும் உண்டு.

செய்யாற்றில் பட்டம் வாங்கியவர் காஞ்சிபுரத்தில் எம்.எஸ்ஸி. சேர வந்தால் மைக்ரேஷன் சர்டிபிகேட் வேண்டும், ஏனென்றால் பல்கலைக்கழகம் மாறுகிறது. காஞ்சிபுரத்தில் படித்தவர் சென்னைக்குப் போனால் அந்தச் சிக்கல் இல்லை, எல்லாம் ஒரே பல்கலைக்கழகம். பக்கத்து ஊருக்குச் சான்றிதழ் வேண்டுமாம், எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்கு வேண்டாமாம் என்று பெற்றோர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, சேர்க்கைக்கு முந்தின நாள் அதைத் தேடி வேலூருக்கு பஸ் ஏறுவார்கள்.

நான் அதிகமாகப் பேசித் தீர்க்க வேண்டி வருவது பி.காம். பிள்ளைகளிடம்தான். காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் கணக்கெழுத ஆள் தேவை என்பதால் இந்த ஊரில் பி.காமுக்கு எப்போதும் மவுசு. மூன்று வருஷம் முடிந்ததும் அம்மாக்கள் அழைத்துக்கொண்டு வருவார்கள். "பி.எட். போட்டுடும்மா. டீச்சரா போயிட்டா கௌரவமா இருக்கும்." பி.காமுக்கு நேராக பி.எட். கிடையாது என்றால் நம்ப மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் பி.எஸ்ஸி. முடித்து பி.எட். சேர்ந்ததைக் காட்டுவார்கள். காரணம் ரொம்ப எளிமையானது. பத்தாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடத்தில் வணிகவியல் என்று தனிப் பாடமே இல்லை. அதனால் பட்டதாரி ஆசிரியர் பணியிடமும் இல்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூவில்தான் அந்தப் பாடம் வருகிறது, அங்கே பாடம் எடுக்க முதுகலை வேண்டும். ஆகவே பி.எட். சேரவே எம்.காம். முடித்திருக்க வேண்டும். பொருளாதாரம், அரசியல் அறிவியல், உளவியல், சமூகவியல், மனையியல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இதை மூன்று வருஷத்துக்கு முன்பு பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு வந்தபோதே யாராவது சொல்லியிருந்தால் அந்த அம்மா கணக்குப் போட்டிருப்பார். பி.காம். மூன்று, எம்.காம். இரண்டு, பி.எட். இரண்டு, ஆக ஏழு வருஷம். தறி வருமானத்தில் ஏழு வருஷம் என்பது விளையாட்டு இல்லை.

இன்னொன்று கிராஸ் மேஜர், அதாவது இளங்கலையில் ஒரு பாடம், முதுகலையில் வேறு பாடம். கெமிஸ்ட்ரி படித்த ஒரு பையன், நல்ல மார்க், நிறையக் கதைப் புத்தகம் வாசிக்கிறவன். எம்.ஏ. இங்கிலீஷ் தொலைதூரக் கல்வியில் போட வந்தான். "புடிச்சிருக்குக்கா" என்றான். பிடித்ததைப் படிப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. என்ன ஆகணும் என்று கேட்டேன். "ஹையர் செகண்டரி ஸ்கூல்ல பி.ஜி. அசிஸ்டெண்ட்." அங்கேதான் முட்டுகிறது. ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துகிற முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு, இளங்கலையிலும் முதுகலையிலும் ஒரே பாடம் இருக்க வேண்டும். கெமிஸ்ட்ரி அடிப்படையில் இங்கிலீஷ் வாத்தியார் ஆக முடியாது, இங்கிலீஷ் எம்.ஏ.வை வைத்துக்கொண்டு கெமிஸ்ட்ரி வாத்தியாரும் ஆக முடியாது. கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலை என்றால் கதை வேறு. அங்கே பார்ப்பது முதுகலைப் பாடத்தை. அதில் 55 விழுக்காடும், கூடவே நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ பிஎச்.டி.யோ வேண்டும். பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோருக்கு நெட் எழுத 50 போதும். இதைச் சொன்னதும் அவன், "அப்போ காலேஜுக்கே ட்ரை பண்றேன்க்கா" என்று இங்கிலீஷிலேயே சேர்ந்தான். தெரிந்து எடுத்த முடிவு, அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கே சறுக்குகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். போன வருஷம் ஆனி மாசத்தில் ஒரு நெசவாளர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் விரல்களில் சரிகை உரசிய தழும்பு. பெண் பி.எஸ்ஸி. கணிதம், கையில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் ஆறு செமஸ்டர் மார்க் ஷீட், டி.சி., கம்யூனிட்டி, ஆதார், போட்டோ. எல்லாம் வரிசையாக. பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. ஃபைலை வரிசையாக வைத்திருக்கிற பிள்ளையின் விண்ணப்பம் பாதி முடிந்த மாதிரி.

"என்னம்மா போடணும்?"

"எம்.எஸ்ஸி. மேத்ஸ்க்கா."

அப்பா குறுக்கிட்டார். "பி.எட். போட்டுடும்மா போதும். இன்னும் ரெண்டு வருஷம் எங்கள்ட்ட தெம்பு இல்ல."

"நைனா, நீ சும்மா இரு."

நான் பெண்ணிடம் சதவீதம் கேட்டேன். எழுபத்தொன்பது என்றாள். மார்க் ஷீட்டை வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். தமிழ், இங்கிலீஷ், சாஃப்ட் ஸ்கில் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டியிருந்தாள். எம்.எஸ்ஸி. சேர்க்கைக்குக் கேட்பது பெரும்பாலும் பார்ட் மூன்று மட்டும், அதாவது மேஜரும் அலைடும். அதைத் தனியாகக் கூட்டினால் எண்பத்து மூன்றரை வந்தது. நாலரை விழுக்காட்டைச் சும்மா விட்டுக்கொடுக்க இருந்தாள். தர வரிசைப் பட்டியலில் அது எத்தனை பேரைத் தாண்டுகிற தூரம் என்பது சேர்க்கை பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்பா எட்டிப் பார்த்து, "ஏறிடுச்சா?" என்று கேட்டார், கூலி ஏறிவிட்ட மாதிரி.

அப்புறம் அவருக்கு விவரம் சொன்னேன். பி.எட். இப்போதே முடித்தால் பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு டெட் என்கிற தகுதித் தேர்வு எழுதலாம். எம்.எஸ்ஸி. முடித்து பி.எட். செய்தால் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வும் எழுதலாம், அதற்கு டெட் தேவை இல்லை. எம்.எஸ்ஸி.யை மட்டும் வைத்துக்கொண்டு நெட் எழுதினால் கல்லூரி. கணக்குப் படித்த பிள்ளைக்கு எம்.சி.ஏ. வழியும் உண்டு. 2020-லிருந்து அது இரண்டு வருஷப் படிப்பு, முன்பு மூன்று. அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிற டான்செட் எழுத வேண்டும். பட்டத்தில் 50 விழுக்காடு, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. முன்பெல்லாம் அந்தக் கவுன்சிலிங்குக்குக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கு நேரில் போக வேண்டும். ராத்திரி பஸ்ஸில் பிள்ளையும் அப்பாவும் போய்ப் பகலெல்லாம் நின்றுவிட்டு வருவார்கள். இப்போது என் கடையிலேயே முடிந்துவிடுகிறது.

"சென்னையில சேப்பாக்கத்துல ராமானுஜன் பேர்ல கணிதத்துக்குன்னே ஒரு மையம் இருக்கு, யூனிவர்சிட்டியோடது. அங்கயும் போட்டு வைக்கலாம்" என்றேன்.

"தினமும் ரயிலா?" என்று அப்பா பெண்ணைப் பார்த்தார். அவள் பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்து, "அதையும் போடுங்கக்கா" என்றாள்.

போட்டோ இருபது முதல் ஐம்பது கே.பி.க்குள், கையெழுத்து அதைவிடக் கம்மி. வெள்ளைத் தாளில் கருப்பு மையில் கையெழுத்துப் போடச் சொன்னேன். ஓ.டி.பி. வரவேண்டிய நம்பர் அண்ணனுடையது. அவன் ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்டில் இருந்தான், கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அவன் வெளியே வரும் வரைக்கும் காத்திருந்தார்கள். இந்த ஊர் விண்ணப்பங்களில் பாதி தாமதம் இப்படித்தான். அடுத்தவர் நம்பரைக் கொடுத்துவிட்டு அவரைத் தேடி அலைவது. சேர்க்கை முடிகிற வரைக்கும் நம்பரை மாற்றாதே, மெயில் ஐ.டி. பாஸ்வேர்டை எழுதி வை என்று பாடம் மாதிரி சொல்லி அனுப்புவேன்.

அந்த நெசவாளர் கிளம்பும்போது இன்னொரு காகிதத்தை நீட்டினார், பத்திரமாக லேமினேட் செய்தது. முதல் பட்டதாரி சான்றிதழ். "இதுக்கு ஃபீஸ் கம்மி பண்ணுவாங்க இல்ல?" அந்தச் சலுகை இளநிலைத் தொழிற்படிப்புக்கு. முதுநிலைக்கு உதவாது. பெண்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் வருகிற புதுமைப் பெண் திட்டமும் முதல் பட்டத்தோடு நின்றுவிடும். குடும்பத்தில் முதல் ஆளாகப் படியேறுகிறவருக்கு இரண்டாவது படியும் அதே உயரம்தான் என்பது திட்டம் போடுகிறவர்களுக்கு ஏன் தோன்றவில்லையோ. அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் முதுகலைக்கும் விண்ணப்பிக்கலாம். கைத்தறி நெசவாளர் குடும்பங்களில் பெண்களும், பட்டியல் இனத்தவரும், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் கட்டணத்தில் 75 விழுக்காட்டை மத்திய ஜவுளி அமைச்சகம் திருப்பித் தருகிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. நெசவாளர் அடையாள அட்டை கையில் இருந்தும் இதைக் கேள்விப்படாதவர்கள் எங்கள் தெருவிலேயே நிறையப் பேர்.

சாதிச் சான்றிதழ் விஷயத்திலும் ஒரு முடிச்சு. தாசில்தார் ஆபீஸில் வாங்கிய கம்யூனிட்டி சர்டிபிகேட் தமிழ்நாட்டு விண்ணப்பத்துக்குப் போதும். நெட், கேட், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் என்று டெல்லி நடத்துகிற எதுவானாலும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும், கிரீமி லேயரில் இல்லை என்ற வரியோடு. பிள்ளைகள் இதைக் கடைசி நாளில்தான் கண்டுபிடிப்பார்கள். பொதுப் பிரிவில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், ஐந்து மார்க்கில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை தவறும். ஜே.ஆர்.எஃப். என்றால் சாதாரணமில்லை. 2023-லிருந்து மாசம் 37,000 ரூபாய். முப்பது வயதுக்குள் எடுக்க வேண்டும். பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் ஐந்து வருஷம் தளர்வு. எம்.டெக். படிப்புக்கு கேட் தேர்ச்சி இருந்தால் மாசம் 12,400. "படிக்கறதுக்கு அவுங்க காசு குடுக்கறாங்களா?" என்று ஒரு பாட்டி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஏதோ ஃபைனான்ஸ் மோசடிக்கு ஆள் பிடிக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

ஒரு காலத்தில் என் கடைக்குச் சோறு போட்டது எம்.ஃபில். கையெழுத்துப் பிரதியாக வரும், நான் டைப் அடிப்பேன், வீட்டுக்காரர் பைண்டிங் போடுவார். கருநீல ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, துறைக்கு ஒன்று, கைடுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று பிரதிகள். அடிக்குறிப்பு எண் மாறிவிட்டால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து மாற்றுவோம். கல்லூரிக் கௌரவ விரிவுரையாளர் வேலைக்கு எம்.ஃபில். இருந்தால் ஒரு மதிப்பு என்று ஊரில் ஒரு நம்பிக்கை. 2022 நவம்பரில் யு.ஜி.சி. புது பிஎச்.டி. விதிமுறைகளைக் கொண்டுவந்தபோது எம்.ஃபில்லை எடுத்துவிட்டது. அதற்கு முன் வாங்கியவர்களின் பட்டம் செல்லும், புதிதாகச் சேர முடியாது. முதுகலையில் 55 விழுக்காடு இருந்தால் நேராக பிஎச்.டி.; நாலு வருஷ இளங்கலையில் 75 இருந்தால் முதுகலையே இல்லாமல்கூடப் போகலாம். பையன்களுக்கு ஒரு வருஷம் மிச்சம். எங்கள் பைண்டிங் மிஷின் அதற்குப் பிறகு கல்யாண ஆல்பத்துக்குத்தான் ஓடுகிறது.

கல்யாணம் என்றதும் சொல்ல வேண்டும். முதுகலைக்கு வருகிறவர்களில் ஒரு பங்கு பத்திரிகைக்காக வருகிறவர்கள். எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பட்டம் போடாமல் அச்சடிக்க மாட்டார்கள். மாப்பிள்ளை எம்.இ. என்றால் பெண்ணுக்கும் ஏதாவது ஒரு எம். வேண்டும். ஒரு தகப்பனார் வெளிப்படையாகவே கேட்டார், "ஆறு மாசத்துல முடியற எம்.ஏ. இருக்கா?" இல்லை. முதுகலை என்றால் இரண்டு வருஷம். தபாலில் படித்தாலும் அதே இரண்டு வருஷம். ஆறு மாசத்தில் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த நம்பரை பிளாக் செய்யுங்கள் என்றேன். அவருக்கு ஏமாற்றம்தான்.

2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தபோது இந்தச் சுற்றுவட்டாரத்துப் பெண் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறினார்கள். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்ட பிறகு அவர்களில் பலர் படிப்பைத் தேடி வந்தார்கள். தபால் வழிப் படிப்பு அவர்களுக்கென்றே செய்துவைத்த மாதிரி இருந்தது. இங்கேயும் சொல்ல வேண்டிய ஒரு விதி இருக்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் தமிழ்நாட்டு அரசு வேலைக்கு அது செல்லும். 2009 ஆகஸ்டில் வந்த அரசாணை இது. பிளஸ் டூ எழுதாமல் திறந்தநிலையில் நேரடியாக பி.ஏ., அதன் மேல் எம்.ஏ. என்று இரண்டு கான்வொகேஷன் சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். கெட்டிக்காரர்கள். அரசுத் தேர்வாணையத்தின் குரூப் தேர்வு விண்ணப்பத்தில் பிளஸ் டூ பதிவெண் கேட்கும் கட்டத்தில் நின்றுவிடுவார்கள். அவர்களைத் திரும்பப் போய் பிளஸ் டூ எழுதச் சொல்வது என் தொழிலிலேயே சங்கடமான வேலை. எழுதினாலும் வரிசை மாறிப்போயிற்று என்ற வாதம் இருக்கிறது. அதனால் பத்தாவதோடு வருகிற யாரையும் நான் முதலில் பிளஸ் டூவுக்குத்தான் தள்ளுவேன்.

2019-இல் அத்தி வரதர் எழுந்தருளிய நாற்பத்தெட்டு நாளும் சேர்க்கைக் காலம். ஜூலை ஒன்று தொடங்கி ஆகஸ்ட் பதினேழு வரைக்கும் ஊரே தடுப்புக் கட்டை. சின்ன காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் ஃபைலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நீந்தி வருவார்கள். வெளியூர் பக்தர்கள் என் கடையை விசாரணைக் கூடமாக்கிவிட்டார்கள். எம்.எஸ்ஸி. விண்ணப்பத்துக்கு நடுவே கோயிலின் கிழக்குக் கோபுரம் எந்தப் பக்கம் என்று வழி சொல்லிக்கொண்டிருந்தோம்.

இப்போது பிள்ளைகளைக் குழப்புவது பட்டத்தின் பெயர். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஒன்று, இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி என்று ஒன்று, டேட்டா சயின்ஸ், ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்று வருஷத்துக்கு ஒரு பெயர். கணிதத்தில்கூட அப்ளைடு, வித் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் என்று வால் சேர்க்கிறார்கள். கல்லூரி விளம்பரத்தில் பளபளப்பாக இருக்கும். தேர்வாணையத்தின் அறிவிப்பில் ஒரு பெயர்தான் இருக்கும். உன் பட்டம் அதற்கு இணையானது என்றால், இணை என்று சொல்கிற அரசாணை அந்த அறிவிப்புத் தேதிக்கு முன்பே வந்திருக்க வேண்டும், அதை நீதான் காட்ட வேண்டும். தேர்வில் ஜெயித்து, சான்றிதழ் சரிபார்ப்பில் அரசாணை கையில் இல்லாமல் திரும்பி வந்த பிள்ளைகள் உண்டு. அதனால் சேருவதற்கு முன்பே உயர்கல்வித் துறையின் இணைத்தன்மை அரசாணைகளைத் தேடிப் பார்த்து, இருந்தால் ஒரு பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைக்கச் சொல்கிறேன். இல்லாவிட்டால் பழைய பெயரில் இருக்கிற படிப்பையே எடு என்கிறேன். பழைய பெயர் ஸ்டைலாக இல்லை என்கிறார்கள்.

கூடவே, படித்த வருஷத்துப் பாடத்திட்டப் புத்தகத்தைத் தூக்கி எறியாதே என்பேன். இணைத்தன்மைக் குழுவுக்குப் போனாலும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போட்டாலும், எந்தத் தாளில் என்ன படித்தாய் என்று கேட்பார்கள். இப்போது யு.ஜி.சி. 2024-இல் வெளியிட்ட முதுகலைக் கட்டமைப்பில் நாலு வருஷ இளங்கலை முடித்தவருக்கு ஒரே வருஷ எம்.ஏ. என்றும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் இரண்டும் ஒன்றா என்ற கேள்வி நாளைக்கு எந்தச் சரிபார்ப்பு மேஜையிலாவது கட்டாயம் வரும். அதற்கும் பதில் பாடத்திட்டத்தில்தான் இருக்கும். பல்கலைக்கழக வெப்சைட்டில் புதுப் பாடத்திட்டம் ஏறியதும் பழையதைத் தேடி எடுப்பது பெரும்பாடு. இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொண்டால் செலவு ஒன்றுமில்லை.

அந்தக் கணிதப் பெண்ணுக்கும் அதைத்தான் சொன்னேன். "ஆறு செமஸ்டரும் பி.டி.எஃப்.ஆ வெச்சிருக்கேன்க்கா" என்றாள். "மெயில்ல இருக்கா, போன்ல இருக்கா?" போனில் என்றாள். அது அண்ணன் போன். பென் டிரைவ் ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.